ரேடியோவை மாட்டிய இடம்

1

என் வீட்டு ரேடியோவை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்கப்போய்த்தான் இந்தக் கதை என் கைக்கு வந்தது.

கேட்டது இனாயத்துல்லாவிடம். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். எங்கள் மொட்டைமாடியில் ஏரியல் கம்பி கட்டிவிட்டு இறங்கி வந்தவர், என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இரும்பு பீரோவைத் தொட்டார். சன்னல் கம்பியைத் தொட்டார். பிறகு, "எங்க வேணா வைங்க சார். வீடு எங்கயும் போகப்போறதில்ல" என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி ஆறும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

ஒரு மாதம் கழித்துக் கடையில் வைத்து இதையே மறுபடியும் சொன்னார். இரண்டு தடவை சொன்னதும் ஒரே ஓர் இடத்தில் ஒத்துப்போகவில்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அவர் வாயாலேயே சொல்ல வைக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்திலேயே அவரை மன்னித்துவிட்டிருந்தேன். அந்த உரிமை எனக்கு இல்லை. அதனால் வெளியில் நின்று, அவர் தோளுக்குப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'வற்றிக் கிடந்த வேளச்சேரி ஏரியிலிருந்து ஒரு சனிக்கிழமை காலை ஒரு விமானம் கிளம்பி—'

நிறுத்திவிட்டேன். விமானம் என்றதும் தகடும் கண்ணாடியுமாகப் பளபளவென்று ஒன்றை நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். இது மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. ஒருவர் மட்டுமே உட்காரலாம். தலைக்கு மேல் கூரை கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: 'கணேசமூர்த்தி சிறுவயதிலிருந்தே வானத்தைப் பார்த்து ஏங்கி—'

கிழித்துவிட்டேன். பார்க்காதவர் யார்?

[மூன்றாவது தொடக்கம் என் கைப்பிரதியில் இருக்கிறது. அதில் கடல் வருகிறது, சூரிய உதயம் வருகிறது. உங்களுக்கு அது வேண்டாம்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

கணேசமூர்த்திக்கு தியாகராய நகர் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா வந்து தொடங்கிய கடை. யுத்தத்துக்கு முன்னால் விமானம் ஓட்டப் பழகியவர். பாதியில் யுத்தம் வந்து எல்லாம் நின்றுபோயிற்று. யுத்தம் முடிந்து ராணுவத்தார் வேண்டாமென்று ஏலம் விட்ட சாமான்கள் பட்டணமெங்கும் எடைக்கு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அவர் ஓர் இன்ஜினும் ஒரு திசைகாட்டியும் வாங்கினார். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, அடையாற்றில் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, ஒரு விமானம் கட்ட ஆரம்பித்தார். சர்க்காருக்கு அனுமதி கேட்டுக் கடிதமும் எழுதினார். பதில் வரவில்லை. வராத பதிலை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

இறக்கைத் துணி தைத்தது அவர் மனைவி பங்கஜம். கடையிலிருந்த கோடித்துணிதான். துணிக்குக் கட்டுப்பாடு இருந்த நாட்கள். நாற்பது கெஜத்தை இறக்கைக்குக் கொடுத்ததில் மாமனார் ஆறு மாதம் மகனோடு பேசவில்லை. பங்கஜம் விரற்கடைக்கு ஐந்து தையல் என்று அளந்து, கொட்டகையில் பாயைப் போட்டு உட்கார்ந்து தைத்து முடித்தாள்.

இனாயத் யுத்தத்தின்போது விமானப்படைக் கிடங்கில் வயர்லெஸ் பழுதுபார்த்தவர். மூர்த்தி ஒரு நாள் கச்சேரி ரோட்டுக் கடைக்கு வந்து, செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிதான ஓர் இரும்புப் பெட்டியை மேசைமேல் வைத்தார். அமெரிக்க ராணுவத்து ரேடியோ.

"பாய், இதுக்கு உசுரு குடுக்க முடியுமா?"

"இது ஏரோப்ளேன்ல வெக்கறதாச்சே. உன்கிட்ட ஏரோப்ளேனா கீது?"

"பாதி இருக்கு" என்றார் மூர்த்தி.

இப்படித்தான் சிநேகிதம் உண்டாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இனாயத் திருவல்லிக்கேணி வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு அடையாற்றுக்குப் போனார். அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

[மூர்த்தியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இனாயத் சொன்ன மூர்த்தி எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார். செத்துப்போனவர்களை நாம் அப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்கிறோம். எரிச்சல்படுகிற மூர்த்தி ஒருவரும் இருந்திருப்பார். அவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.]

4

ரேடியோ உயிர் பெற்றுவிட்டது. மீனம்பாக்கத்திலிருந்து வரும் சமிக்ஞை காதுக்கருவியில் தெளிவாகக் கேட்டது. அதை எங்கே மாட்டுவது என்பதில்தான் சிக்கல்.

விமானி உட்காரும் குழி ஒரு குளிக்கும் தொட்டியைவிடக் குறுகல். இருக்கைக்குப் பின்னால் வைத்தால் வால் கனத்துவிடும், கையும் எட்டாது. இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்தால் ஓட்டும் தடி இடிக்கும். இருக்கைக்கு அடியில் பாட்டரி உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி. முன்பலகையில் இடம் இருந்தது, ஆனால் நடுவில் திசைகாட்டி. ரேடியோ திசைகாட்டியை நெருங்கக் கூடாது. இரும்புப் பெட்டி முள்ளை இழுக்கும். போதாததற்கு ரேடியோவைப் போட்டதும் கம்பியில் மின்சாரம் ஓடும். ஓடுகிற வரைக்கும் அந்தக் கம்பியும் ஒரு காந்தம்.

கடைசியில் இனாயத் வலது இடுப்போரத்தில் ஒரு மரத்துண்டை ஒட்டி, சைக்கிள் டியூபை வெட்டி மெத்தை வைத்து, அதன்மேல் ரேடியோவை நாலு திருகில் மாட்டினார். இன்ஜினின் நடுக்கம் உள்ளேயிருக்கும் வால்வுகளை உடைக்காமலிருக்க அந்த ரப்பர்.

ஜனவரியில் விமானத்தைக் கழற்றி இரண்டு மாட்டுவண்டிகளில் ஏற்றி வேளச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருஷம் மழை பொய்த்து ஏரி காய்ந்து கிடந்தது. கிரிக்கெட் மைதானம்போல் தரை. அங்கே இனாயத் தரையில் சுண்ணாம்பால் எட்டுத் திசைகளைக் கோடு போட்டு, விமானத்தை ஒவ்வொரு கோட்டுக்கும் திருப்பி நிறுத்தி, திசைகாட்டி எவ்வளவு தவறாகக் காட்டுகிறது என்று பார்த்தார். ரேடியோ இல்லாமல் ஒரு தடவை, ரேடியோ போட்டு ஒரு தடவை. அரை நாள் வேலை. எந்தத் திசையிலும் தவறு இரண்டு பாகைக்கு மேல் போகவில்லை. அதை ஓர் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

5

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை முதல் நீண்ட பறத்தல். அதற்கு முன் ஏரிக்குள்ளேயே நாலைந்து தடவை எழும்பி இறங்கியாயிற்று. நாளைக்குக் கரையோரமாகவே கோவளம் வரை போய்த் திரும்ப வேண்டும். இனாயத் கடைசியாக ஒரு முறை திருகுகளை முடுக்கிப் பார்க்க வந்திருந்தார். மூர்த்தி இருக்கையில் உட்கார்ந்து வாரைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், இது சரிப்படாது. வாரப் போட்டா குனிய முடியல. கை எட்டலய்யா."

"எட்டும். இப்புடி ஒரு பக்கமா சாயி."

"சாஞ்சா தடியும் சாயுது. ப்ளேனும் சாயும். முன்னாடி வச்சிருங்க."

"காம்பஸ் பக்கத்துலயா? இன்னா பேசற மூர்த்தி? இதோட நாலாவது வாட்டி கயட்டச் சொல்ற."

"கண்ணுக்கு முன்னாடி இருந்தா நல்லதுதான பாய். ஒரே ஒரு தடவை."

இனாயத் கழற்றினார். முன்பலகையில், திசைகாட்டிக்கு ஒரு சாண் தள்ளி மாட்டினார். அப்போது விமானம் வடக்கு பார்த்து நின்றுகொண்டிருந்தது. ரேடியோவைப் போட்டார். முள் அசையவில்லை.

அது போதாது என்று அவருக்குத் தெரியும். வடக்கே அசையாத முள் கிழக்கே திருப்பினால் அசையலாம். காந்தம் முள்ளுக்கு நேராக இழுத்தால் தவறு தெரியாது, குறுக்கே இழுத்தால்தான் தெரியும். யுத்தத்தில் புதிதாக வந்தவர்களுக்கு அவரே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மறுபடியும் எட்டுத் திசையும் பார்க்க வேண்டும்.

முதல் தடவை என்னிடம் சொன்னபோது காரணம் இப்படி வந்தது: "வெள்ளிக்கிழமை சார். மணி பதினொண்ணு. ஜும்மா தொழுகைக்கு மைலாப்பூர் வரணும். சைக்கிள்ல அவ்ளோ தூரம். தொழுதுட்டு வந்து பாக்கலாம்னு போனேன். வந்தா பாட்டரி இறங்கிப்போச்சு. சார்ஜ் ஏத்தக் குடுத்துட்டாங்க."

எழுதிக்கொண்டேன். நியாயமாகத்தான் இருந்தது.

6

இரண்டாம் தடவை, கடையில் வைத்துச் சொன்னது வேறு.

அன்றைக்கு அவர் தொழுகைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார், அது உண்மை. ஆனால் மாலையில் திரும்பி ஏரிக்குப் போகவில்லை. பாட்டரியும் இறங்கவில்லை.

"கோவம் சார்" என்றார். "வேற ஒண்ணும் இல்ல. நாலு வாட்டி மாட்டிக் கயட்டினேன். ஒவ்வொரு வாட்டியும் நான் சொன்னத அவன் கேக்கல. உன் வண்டி, உன் இஷ்டம், எப்படியோ போன்னுட்டு சைக்கிள எடுத்துக்கினு வந்துட்டேன். எப்படியோ போன்னு. வாயால சொன்னேன்."

நான் பேனாவை மூடி வைத்தேன். அவர் சால்டரிங் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

[இந்த இடத்தில் எனக்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் சொன்னதையே வைத்துக்கொண்டால் இனாயத் வெறும் அவசரக்காரர். இரண்டாவதை வைத்தால் ஒரு நிமிஷக் கோபத்தில் சிநேகிதனைக் கைவிட்டவர். இரண்டையும் வைத்திருக்கிறேன். ஒன்றை மறைக்க ஒன்றைச் சொன்னார் என்பதும் அவர்தான்.]

7

சனிக்கிழமை காலை ஆறரை மணி. இனாயத் வந்திருந்தார். கோபம் வடிந்திருந்தது. நாளை சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்குக் கரை கண்ணுக்குத் தெரியுமே, திசைகாட்டி யாருக்கு வேண்டும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். பங்கஜம் பிளாஸ்கில் காப்பியோடு வந்து நின்றாள். மூர்த்தி கை காட்டிவிட்டுக் கிளம்பினார். விமானம் பனைமரங்களைத் தாண்டி எழுந்து, கிழக்கே திரும்பிச் சிறுத்தது.

ஏழு மணிக்குக் கடலிலிருந்து மூடுபனி வந்தது. கிண்டிப் பக்கத்து மரங்கள் மறைந்தன. பிறகு ஏரியின் மறுகரை மறைந்தது.

"பாய் அண்ணே, மேல இருக்கவுகளுக்கு வழி தெரியுமா?" என்று பங்கஜம் கேட்டாள்.

"காம்பஸ் கீதும்மா. மேற்கே திரும்பினா கரை வந்துடும்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே உறைத்தது. ஏரித் தரையில் சுண்ணாம்புக் கோடுகள் பனியில் ஈரமாகக் கிடந்தன. அவர் மேற்குக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்ரோல் ஒன்றரை மணி நேரத்துக்கு. எட்டரைக்குப் பனி கலைந்தது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பகல் பன்னிரண்டு மணிவரை மூன்று மைல் சுற்றளவில் யார் எதைக் கீழே போட்டாலும் அந்தச் சத்தத்துக்குப் பங்கஜம் திரும்பிப் பார்த்தாள். பிளாஸ்கைத் திறக்கவே இல்லை.

திருவான்மியூர் மீனவர்கள் இரண்டு தடவை சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். முதல் தடவை கரையோரமாகத் தெற்கே போயிற்றாம். இரண்டாம் தடவை தலைக்கு மேலே பனிக்குள்ளிருந்து கேட்டதாம். கரைப் பக்கம் வராமல் கடல் பக்கமே தேய்ந்துபோயிற்றாம்.

ஐந்தாம் நாள் கோவளத்தில் இறக்கைத் துணி ஒரு பாகம் ஒதுங்கியது. தையலைப் பார்த்துப் பங்கஜம் தன்னுடையதுதான் என்றாள். மூர்த்தி கிடைக்கவில்லை.

8

சர்க்காரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அனுமதியில்லாத விமானம். விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடத்தான் அவருக்கும் ஆசை. கச்சேரி ரோட்டுக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார்: "ரேடியோவை மாட்டியது நீர்தானா? எங்கே?"

இனாயத் பழைய அட்டையை எடுத்துக் கொடுத்தார். "வலது பக்கம் சார். இடுப்பாண்ட. இதோ, எட்டுத் திசையும் பார்த்து எழுதிக் கீது."

அதிகாரி அட்டையைப் பார்த்தார். 'விமானி மூடுபனியில் வழி தவறினார்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை இனாயத் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சகினா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னா ஆச்சு? ஆபீசர் ஏதாச்சும் சொன்னானா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கோபத்தையும் சொன்னார்.

"ஆபீசர்கிட்ட பொய் சொன்னீங்க. பயம், வுடுங்க" என்றாள். "அந்த அம்மாகிட்ட போய் உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க. ரேடியோவைப் போட்டானோ இல்லையோ, இன்ஜின் நின்னுச்சோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். ஆனா நீங்க செஞ்சது உங்களுக்குத் தெரியுமில்ல? அத சொல்லுங்க."

போகிறேன் என்றார். பாண்டி பஜார் வரை இரண்டு தடவை போனார். ஜவுளிக்கடை வாசலில் மூர்த்தியின் அப்பா உட்கார்ந்திருந்தார். சைக்கிளை விட்டு இறங்காமலே திரும்பினார்.

[சகினாவைக் கதையில் இன்னும் கொஞ்சம் கொண்டுவரவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அவள் பேசிய பிறகு மற்றவர்கள் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எழுத்தாளனுக்கு அது அசௌகரியம்.]

9

ஆவணி மாதத்தில் ஒரு நாள் பகல் மூன்று மணிக்குப் பங்கஜமே கடைக்கு வந்தாள். ட்ராமில் வந்து லஸ் முனையில் இறங்கி நடந்திருக்கிறாள். முகம் கறுத்திருந்தது. இனாயத் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"ஆபீசர்கிட்ட ரேடியோ இடுப்பாண்ட இருந்துச்சுன்னு சொன்னீகளாமே."

இனாயத் ஸ்டூலை மறுபடியும் துடைத்தார்.

"அது முன்னாடில்லா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடுதப்ப அவுக சொன்னாக. பாய் முன்னாடியே வச்சுக் குடுத்துட்டாரு, இனிமே போட்டுக்கிட்டே பறப்பேன்னு."

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. சகினா சொன்னதைச் சொல்லிவிட வேண்டியதுதான். இனாயத் வாயைத் திறந்தார். அதற்குள் பங்கஜம் முந்திக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன் அண்ணே."

"இன்னா?"

"முன்னாடி வைக்கச் சொல்லுங்கன்னு நான்தான் அவுககிட்ட சொன்னேன். வியாழக்கிழமை ஏரிக்கு வந்திருந்தேன்ல. அவுக அதத் தொடுததுக்குச் சாயுததப் பாத்தேன். எனக்குப் பயமாப் போச்சு. விழுந்திருவாகளோன்னு. பாய் கோவிப்பாருன்னாக. கோவிச்சாக் கோவிக்கட்டும், கேளுங்கன்னு சொன்னேன்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "பக்கத்துல ரேடியோ இருந்தா அந்த முள்ளு தப்பாக் காட்டும்னு எங்க கடைக்கு வந்த ஒருத்தர் சொன்னாரு. நெசமா அண்ணே? அத மாத்தி வச்சதுனாலயா அவுக வரல?"

10

இங்கே இனாயத் என்னிடம் நிறுத்திவிட்டார். "அப்புறம்?" என்றேன். யாரோ ஒருவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். அவர் போனதும் மறுபடி கேட்டேன். "அவ்ளோதான் சார்" என்றார். பிறகு இரண்டு மாதத்தில் கடையை மூடிக்கொண்டு குடும்பத்தோடு வேலூர்ப் பக்கம் போய்விட்டார். பங்கஜத்தைத் தேடிப் போகலாமென்று பாண்டி பஜார் வரை நானும் போனேன். கடைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இந்த விஷயத்தில் நான் இனாயத்தைவிடத் துணிச்சல்காரன் இல்லை.

ஆகவே முடிவை நானே எழுதிப் பார்த்தேன்.

அ) "ஆமாம்மா" என்கிறார் இனாயத். "மாட்டினது நான். சோதிக்காம விட்டது நான். தப்பு என்னுது." அவர் நெஞ்சு லேசாகிறது. பங்கஜத்தின் காதில் முதல் வார்த்தை மட்டும்தான் விழுகிறது. மாட்டியது யாராக இருந்தால் என்ன, மாட்டச் சொன்னது அவள். அவள் நடந்து லஸ்ஸுக்குப் போகிறாள். ட்ராமில் ஏறுகிறாளா என்று என்னால் எழுத முடியவில்லை.

ஆ) "இல்லம்மா. நான் சோதிச்சுப் பாத்தேன். முள்ளு அசையல. இன்ஜின் நின்னிருக்கும்." பங்கஜம் அழுகிறாள், அழுதுவிட்டு ஸ்டூலில் உட்காருகிறாள், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். இனாயத் இரண்டாவது முறையாகப் பொய் சொல்லியிருக்கிறார். இந்த முறை அவளுக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியவில்லை. சகினாவிடம் என்ன சொல்வார்?

இ) அவர் உண்மையைச் சொல்கிறார், முழுவதும், வடக்கு, கிழக்கு, காந்தம், கோபம் எல்லாம். "ரேடியோவைப் போட்டானான்னே நமக்குத் தெரியாதும்மா. தெரியவே போறதில்ல" என்றும்— [இது சரியான பதில். ஆனால் பகல் மூன்று மணிக்கு, நின்றுகொண்டே கேட்கும் ஒரு பெண்ணிடம், இவ்வளவு நீளமாக யாராலும் பேச முடியுமா? நான் நாலு தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் அவள் போய்விடுகிறாள்.]

மூன்றையும் வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆவதில்லை. நீங்கள் வாருங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள். கச்சேரி ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கிறது, அதற்காகக் குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும். அவள் இன்னும் உட்காரவில்லை. முந்தானையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்க்கிறாள்.

"சொல்லுங்கண்ணே" என்கிறாள்.